ஒரு வீடு, ஐந்து விதச் சாப்பாடு: முழு உணவுகளைப் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை. கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நான் முட்டைகூடத் தொடாத சைவம். மகள் கல்லூரிக்குப் போன கையோடு பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு வீகன் ஆகிவிட்டாள். மகன் ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, தானியத்தைத் தவிர்க்கும் பேலியோ முறை என்கிறான்.

முதல் இரண்டு மாதம் ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சாமான் வாங்கினேன். மளிகைச் செலவு எகிறியது, பாதிச் சாமானில் வண்டு விழுந்தது. அதன் பிறகுதான் ஐவருக்கும் அடிப்படைச் சாமான் ஒன்றுதான், கடைசியில் தட்டில் வைக்கும் ஒன்றிரண்டு மட்டுமே மாறுகிறது என்று புரிந்தது. பின்னாளில் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேரோடு கடைக்குப் போய் வந்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் இடறுகிறார்கள். அந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முழு உணவு என்று இங்கே நான் சொல்வது தோல், தவிடு, முளை, நார் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கிற, வேறு எதுவும் சேர்க்காத உணவை. வேகவைத்த கொண்டைக்கடலை முழு உணவு. கடலைமாவு பாதிக் கிணறு. கடலைமாவில் பொரித்துப் பாக்கெட்டில் அடைத்த காராச்சேவை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

1. கடைக்குப் போகும் முன்: ஒரு வாரம் எழுதுங்கள்

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, காற்றுப் புகாத ஐந்தாறு டப்பாக்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் குளுக்கோமீட்டர்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். யார், என்ன, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். பொருளை வேகவைப்பதற்கு முன்பே எடை போட்டு எழுத வேண்டும், ஏனென்றால் வெந்த சோறு தண்ணீர் குடித்து இரண்டு மூன்று மடங்காகிவிடும். எங்கள் வீட்டு நோட்டில் அரிசியும் கோதுமையும் சேர்ந்து ஆளுக்கு 400 கிராமைத் தாண்டியிருந்தது, பருப்பு 30 கிராமைத் தொடவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு எங்கே கை வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே வாரத்தில் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தவிடு, பயறு, கீரை எல்லாமே சுமையாகலாம், அவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால், கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்கினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். இந்த மூன்று வகையினரும் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த படிக்கு வர வேண்டும்.

2. எல்லோருக்கும் பொதுவான தட்டை முதலில் தீர்மானியுங்கள்

“நான் வீகன், எனக்கு என்ன வாங்குவது?” என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் சோயா சங்க்ஸ், பாதாம் பால், புரோட்டீன் பவுடர் என்று விலை கூடிய சாமானிலேயே மனம் போகும். பொதுத் தட்டு நிரம்பாமல் அவற்றை வாங்கிப் பயனில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் நாளுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு மாதிரித் தட்டு இருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம், காய்களும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி.

இப்போது உங்கள் நோட்டை இதன் பக்கத்தில் வையுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் துண்டு விழுவது பருப்பில். “தினமும் சாம்பார் வைக்கிறோமே” என்பார்கள். நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் ஐந்தாறு கிராம், அவ்வளவுதான். ரசத்தில் பருப்புத் தண்ணீர் விடுவதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதனால் சாம்பாரோடு ஒரு சுண்டல், அல்லது பயறு போட்ட பொரியல், அல்லது காலையில் அடை என்று இன்னொரு வழி வேண்டும்.

3. தானியம்: பெயரைப் பார்க்காமல் தீட்டலைப் பாருங்கள்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். அதனால் இந்தப் பகுதி நீளும்.

தானிய மணியில் வெளியே தவிடு, ஒரு முனையில் முளை, நடுவில் மாவுப்பகுதி. தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடும். நாரும் பி வைட்டமின்களும் இரும்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அரிசியா சிறுதானியமா என்று கேட்பதற்கு முன் தீட்டினதா தீட்டாததா என்று கேளுங்கள்.

அ) சிறுதானியம். இதில் இரண்டு சாதி உண்டு. கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றுக்குப் பிரித்தெடுக்க வேண்டிய கெட்டி உமி கிடையாது, முழு மணியாகவே கிடைக்கும். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு உமி நீக்கியாக வேண்டும். உமியை நீக்கும்போதே தவிட்டையும் சேர்த்துத் தீட்டி, வெள்ளை வெளேரென்று விற்கிறார்கள். பளிச்சென்று ஒரே வெள்ளையாக இருக்கும் சாமையை வாங்கிக்கொண்டு “அரிசியை விட்டுவிட்டேன்” என்பதில் பெரிய அர்த்தமில்லை. தீட்டாத சாமையும் வரகும் குதிரைவாலியும் வெளிர் பழுப்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகத் தவிடு ஒட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கம்பு, கேழ்வரகு, சோளத்திலிருந்து தொடங்கினால் ஏமாற வாய்ப்புக் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது கூடுதல் லாபம், முக்கியமாகப் பால் குடிக்காத என் மகளுக்கு.

ஆ) அரிசி. சிறுதானியம் பிடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கைக்குத்தல் அரிசியோ, மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசியோ போதும். அதுவும் முடியாது என்றால் குறைந்தபட்சம் பச்சரிசியிலிருந்து புழுங்கலரிசிக்கு வாருங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை.

இ) கோதுமை. மில்லில் அரைத்து வாங்குவது நல்லது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் குப்பையில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சப்பாத்தி மெத்தென்று வருமாம். அதற்குக் கடை மாவையே வாங்கிவிடலாம். ரவையில் வெள்ளை ரவை தீட்டியது, சம்பா ரவை உடைத்த முழுக் கோதுமை. உப்புமா பிடிக்காது என்று சொல்கிற வீடுகளில் சம்பா ரவை உப்புமா ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், வெங்காயமும் காயும் தாராளமாகப் போட்டால்.

ஈ) அளவு. முதல் தடவை எதையும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தவிட்டிலும் முளையிலும் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீட்டாத தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு இதில் மோசம், அரைத்துச் சில நாளிலேயே கசக்க ஆரம்பிக்கும். மணியாக வாங்கி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். நான் ஒரு தடவை தள்ளுபடி என்று ஐந்து கிலோ கம்பு மாவு வாங்கினேன். கடைசியில் தெருக்கோடியில் கட்டியிருந்த மாட்டுக்குப் போனது.

உ) சமைப்பது. தீட்டாத அரிசி கடினமாக இருக்கிறது என்ற புகார் எல்லாம் ஊறவைக்காததால் வருவது. கைக்குத்தல் அரிசிக்கு இரண்டு மணி நேரம், மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் ஓர் இரவு. சாமை, வரகுக்கு அரை மணி நேரம் போதும், ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். சாமைச் சோற்றை ஆறவிட்டால் விறைத்துப்போகும், சூடாகப் பரிமாற வேண்டும். இல்லாவிட்டால் தயிர் விட்டுப் பிசைந்துவிடுங்கள்.

4. பருப்பும் பயறும்

எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி சொன்னதுதான் நான் கற்ற முதல் பாடம்: “கண்ணாடி மாதிரி மின்னுற பருப்பு வாங்காதீங்கம்மா.” மெருகேற்றுவதற்கு எண்ணெயோ தண்ணீரோ விட்டுத் தேய்த்திருப்பார்கள். நல்ல துவரம்பருப்பு கொஞ்சம் மங்கல்தான், மேலே மாவு படிந்ததுபோல இருக்கும்.

உடைத்த பருப்பைவிடத் தோலோடு இருக்கும் முழுப் பயறுக்கு முதலிடம் கொடுங்கள். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, கருப்புக் கொண்டைக்கடலை இவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கினால் எதுவும் தீராது. உளுந்திலும் கருப்பு உளுந்து வாங்கி, தோலோடு அரைத்து இட்லிக்குப் போடலாம். இட்லி சாம்பல் நிறத்தில் வரும், முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். சட்னியைக் கொஞ்சம் காரமாக வையுங்கள்.

ஊறவைப்பது இங்கே வேகும் நேரத்துக்காக மட்டும் இல்லை. பயறுகளில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறையும். கொண்டைக்கடலைக்கும் கொள்ளுக்கும் எட்டு மணி நேரம், பச்சைப்பயறுக்கு ஐந்தாறு மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வயிற்றுப் பொருமலும் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. ராஜ்மாவை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும், நன்றாகக் குழைய வேகவையுங்கள். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் தவிர்க்க வேண்டும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்த சூழல். ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

5. காய், கீரை, பழம்

மதுரையில் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் தள்ளுவண்டிக்கு வருவதற்கு முன்பே காய் கிடைக்கும். கீரையை இதற்காகவே அதிகாலையில் வாங்க வேண்டும், வாடினால் வைட்டமின் சி வேகமாகக் குறையும். முதலில் கழுவி அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் தண்ணீரில் கரையும் சத்து எல்லாம் சாக்கடைக்குப் போகும்.

400 கிராம் என்றதும் பயப்பட வேண்டாம். மதியம் ஒரு பொரியல், ஒரு கூட்டு, இரவு சட்னியில் பீர்க்கங்காய்த் தோலோ சுரைக்காயோ சேர்த்தால் வந்துவிடும். ஆனால் உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் இந்தக் கணக்கில் எழுதாதீர்கள். அவற்றைத் தானியத்தின் பக்கத்தில் எழுத வேண்டும். சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் தொட்டுக்கொள்வது சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்வது போலத்தான்.

பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸ் ஆக்கினால் நார் போய்விடும், மூன்று பழத்தின் சர்க்கரை ஒரு டம்ளரில் இறங்கிவிடும். ஆப்பிளுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு கிலோ கொய்யா வாங்கலாம். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, நெல்லிக்காயிலும் அப்படித்தான். சாப்பாட்டோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ இரண்டு சொட்டு எலுமிச்சையோ சேர்ந்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் நேர் எதிராக நடக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சைவக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

6. கொட்டை, எண்ணெய், வெல்லம், உப்பு

பாதாம் வாங்க வசதியில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், வேர்க்கடலையில் பாதாமைவிடப் புரதம் குறைவில்லை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுவதும் அழியாது.

செக்கு எண்ணெய் நல்லதுதான், ஆனால் எந்த எண்ணெயும் முழு உணவு ஆகாது. செக்கு எண்ணெய் வாங்கிய தெம்பில் இரண்டு மடங்கு ஊற்றுகிற வீடுகள் உண்டு. தேங்காயைச் சில்லாகச் சாப்பிடுவதும் எள்ளைப் பொடியாகச் சேர்ப்பதும் எண்ணெயை அளந்து ஊற்றுவதும் ஒன்றாகப் போக வேண்டும்.

நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு இவற்றுக்கென்று தனிச் சலுகை கிடையாது. வெல்லம் வாங்கினால் அடர் பழுப்பாகப் பார்த்து வாங்குங்கள், பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும் ரசாயனம் போட்டதால் வருவது.

உப்பில் ஒரு பொறி இருக்கிறது. “இயற்கை” என்று இந்துப்புக்கு மாறுகிறவர்களுக்கு அயோடின் நின்றுபோகும். மீனும் பாலும் சாப்பிடாத வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அயோடின் கலந்த உப்பையே வாங்கி, ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் வையுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்த 5 கிராமில் அடங்கும்.

7. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் பொருட்கள் எடையின்படி அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும், சட்டமே அப்படி. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாக்கெட்டின் ஜாதகம் தெரிந்துவிடும்.

“கேழ்வரகு சேமியா” என்று கொட்டை எழுத்தில் இருக்கும், முதல் பெயர் கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கும். “ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்” என்றால் மைதா. “ஹோல் வீட்” என்ற சொல் இல்லாத பழுப்பு ரொட்டி, நிறம் சேர்த்த வெள்ளை ரொட்டியாக இருக்கலாம். “மல்டிகிரெய்ன்” என்பது பல தானியம் என்று மட்டும்தான் சொல்கிறது, முழுத் தானியம் என்று சொல்லவில்லை. சத்துமாவு பாக்கெட்டில் இரண்டாவது பெயரே சர்க்கரை என்று பார்த்த நாளிலிருந்து வீட்டிலேயே வறுத்து அரைக்கிறேன்.

பச்சைப் புள்ளி போட்டிருந்தால் வீகன் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. அது சைவம் என்று மட்டும் சொல்கிறது, பால் பொடியும் நெய்யும் தேனும் அதில் இருக்கலாம். வீகனுக்குத் தனியாகப் பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் இலையும் சேர்ந்த முத்திரை உண்டு.

8. இப்போது ஒவ்வொருவர் தட்டுக்கும் வருவோம்

பொதுச் சாமான் தீர்மானமான பிறகு இந்தப் படிக்கு வந்தால் வேலை சுலபம். அவரவர் முறையில் எது விடுபடுகிறதோ அதை மட்டும் நிரப்ப வேண்டும்.

சைவம். பால் அல்லது தயிர், பயறு, கீரையோடு எலுமிச்சை. இவை மூன்றும் தினமும் நடந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கும் இதே கணக்குதான். புரட்டாசியில் மட்டும் சைவமாகிறவர்கள் இறைச்சியை நிறுத்திய இடத்தில் அப்பளத்தையும் உருளைக்கிழங்கையும் வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் மொச்சைக் குழம்பு வர வேண்டும்.

வீகன். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் ஸ்பைருலினா என்ற பாசியிலும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ள முடியாது. மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். என் மகள் முதலில், “அம்மா, இயற்கையா சாப்பிடுறவளுக்கு மாத்திரை எதுக்கு?” என்றாள். ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை பதில் சொன்னது. கால்சியத்துக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்பது ருசிக்குச் சரி, புரதத்துக்குச் சரி வராது, அதற்குச் சோயா வேண்டும். சமையல் செய்கிறவர் கவனிக்க வேண்டியது தாளிப்பு. சாம்பாரில் நெய் விடும் முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையலே தேவையில்லை.

மீன், முட்டை, இறைச்சி. விலை கூடிய பெரிய மீன்தான் சத்து என்பது தப்பு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் கால்சியம், மத்தி மீனில் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. வாங்கும்போது கண் தெளிவாகத் துருத்திக்கொண்டும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். முட்டை ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை, பழுப்பு முட்டைக்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். சாசேஜ், நக்கெட்ஸ் எல்லாம் இறைச்சிக் கடையில் விற்றாலும் பிஸ்கட் வகையறாதான். மீன் வாங்கியதும் பொரிக்கத்தான் கை போகும், வாரம் ஒரு தடவையாவது குழம்பு வையுங்கள்.

பேலியோ, மாவுச்சத்து குறைத்தவர்கள். தானியத்தை எடுத்தால் நாரும் கூடவே போகும். மலச்சிக்கல் என்று இரண்டாவது வாரம் வந்து நிற்பார்கள். அதனால் காயும் கீரையும் 400 கிராமுக்கு மேல் போக வேண்டும். என் மகன் பன்னீர், முட்டை, பாதாம் மூன்றையும் வைத்தே ஒரு மாதம் ஓட்டினான். இப்போது தட்டில் பாதி பொரியல் இல்லாமல் பன்னீரை வைப்பதில்லை. தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே இந்த முறைக்குள் குதிக்கவே கூடாது.

சர்க்கரை நோய். சிறுதானியத்திலும் 100 கிராமுக்கு 60, 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாமைதானே என்று இரண்டு தடவை சோறு வாங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதைவிட முக்கியம், மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் முழு மணியைவிட வேகமாக ஏறும். என் மாமியார் மூன்று வேளை கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு, “அரிசியே தொடலையே, ஏன் ஏறுது?” என்று கேட்டார். “அத்தை, நாளைக்குக் கம்பஞ்சோறு சாப்பிட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டு, கம்பை உடைத்துச் சோறாகப் பொங்கிக் கொடுத்தேன். முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தோம், எண் குறைந்திருந்தது. எந்த உணவு உங்களுக்கு ஒத்துவரும் என்பதை இப்படிச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இன்னொன்று, காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் ஏறும் வேகம் குறையும்.

9. மாற்றும் வரிசை

ஒரே திங்கட்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றினால் வியாழக்கிழமை வயிறு ஊதிக்கொள்ளும், சனிக்கிழமை பழைய அரிசி மூட்டை திரும்பி வரும். நார் கூடும்போது குடலுக்குப் பழக நேரம் வேண்டும், தண்ணீரும் கூடுதலாக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் காயும் கீரையும் மட்டும் கூட்டுங்கள், சோற்றை யாரும் கேட்காமலே குறைப்பார்கள். மூன்றாவது, நான்காவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுண்டல். ஐந்தாவது வாரத்திலிருந்து தானியம். இட்லி மாவில் நான்கு பங்கு அரிசியில் ஒரு பங்கை வரகாகவோ சாமையாகவோ மாற்றுங்கள், வித்தியாசமே தெரியாது. அது பழகியதும் இரண்டு பங்கு. சோற்றைக் கடைசியில் தொடுங்கள், அங்கேதான் சண்டை வரும்.

பழைய சாமானை எறிய வேண்டாம். இருப்பதைத் தீர்த்துக்கொண்டே, தீர்ந்த டப்பாவில் புதுச் சாமானை நிரப்புங்கள். தீட்டாத தானியத்தை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு அடைத்தால் வண்டு தாமதமாகும். டப்பாவின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பதினொரு டப்பா இருக்கிறது. அதில் ஐவருக்கும் பொதுவானது ஒன்பது.